சம்பந்தியம்மா ஏன் மாடிக்கு வரவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகளுக்கு வளைகாப்பு. மணவாள நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, நாற்காலிக்கு ஜரிகைத் துணி சுற்றி, வாசலில் வாழை மரம் கட்டி... ஒரே அமர்க்களம்! மேலே பாட்டும் சிரிப்பும் செல்ஃபியுமாக இருந்தபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா?

கீழே. கிச்சனில்.

சமையலுக்கு ஆள் வைத்திருந்தோம். ஏழு வகைச் சாதமும் மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கிச்சனில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. துடைத்த மேடையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று பெண் வாசகர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். புரியாத ஆண் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் காலமாகி ஒன்பது வருஷமாகிறது. வளைகாப்பில் கட்டுக்கழுத்திகள்தான் முன்னால் நின்று வளையல் போடுவார்கள். என்னை மாதிரி ஆட்களுக்கு அங்கே இடமில்லை. யாரும் வாயைத் திறந்து 'வராதே' என்று சொல்லவும் மாட்டார்கள். நாமே புரிந்துகொண்டு ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்து ஒதுங்கிவிட வேண்டும். அதுதான் 'நாகரிகம்'!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் பெண் சுதந்திரம், அது இது என்று வெளுத்து வாங்குகிறவள் நான். உங்களில் பலர் அதைப் படித்துவிட்டு 'சபாஷ் மேடம்' என்று எழுதுகிறீர்கள். அந்த மேடம் சொந்த வீட்டு விசேஷத்தில் கிச்சன் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இது முதல் தடவையும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம். கணவரின் அண்ணனும் அவர் மனைவியும்தான் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பெற்றவள் நான் மண்டபத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தாலி கட்டியதுகூட சரியாகத் தெரியவில்லை. வீடியோகிராஃபர் மறைத்துக்கொண்டான். பிறகு சி.டி.யில் பார்த்துக்கொண்டேன்.

போகட்டும். மருமகளைப் பற்றிச் சொல்லாமல் எங்கேயோ போகிறேனே!

என் மருமகள் பெயர் கன்னியம்மா. கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திரா பார்டருக்கு இந்தப் பக்கம், ஏரிக்கரை ஓரமாக நாற்பது வீடுகள் இருக்கும் ஒரு காலனியில் பிறந்தவள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி லேபில் வேலை. அதே கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிறான் என் மகன் அருண்.

இரண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம்? ஒரு பாம்புதான் காரணம்!

மழைக்காலத்தில் ஒருநாள் லேபுக்குள் பாம்பு புகுந்துவிட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு, உள்ளே இருந்த கன்னியம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நீ பாம்பு பிடிக்கிற ஜனம்தானே? பிடி, பிடி" என்று கத்தியிருக்கிறார்கள். அவள் எங்கே நின்றிருந்தாள்? டேபிள் மேலே! "சார், எனக்கு டைட்ரேஷன்தான் தெரியும். பாம்புன்னா சின்ன வயசுலேர்ந்தே பயம்" என்று அங்கிருந்தே பதில். அந்த டேபிளில் அவளுக்கு முன்பே ஏறி நின்றிருந்த வீரன் யார் என்று நினைக்கிறீர்கள்? நான் பெற்ற பிள்ளைதான். பாம்பு தன் பாட்டுக்கு வெளியே போய்விட்டது. இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கல்யாணம் ஆகி வந்த முதல் வாரம். வீட்டில் வஞ்சிரம் வறுவல். எங்கள் வீட்டில் எப்போதும் நடுத்துண்டு அருணுக்கு. வாலும் ஓரமும் எனக்கு. கல்யாணமான நாள் முதல் எனக்கு வால்தான். அன்றைக்குப் பரிமாறியவள் கன்னியம்மா. எல்லார் தட்டிலும் ஒரே அளவுத் துண்டு. அருண் மறுபடி தட்டை நீட்டினான். "இன்னா, உனக்கு மட்டும் வயிறு ரெண்டா? எங்க ஊட்ல ஏரியில நண்டு புடிச்சாந்தாக்கூட எல்லாருக்கும் சமமாத்தான் பிரிப்போம்" என்று சொல்லிவிட்டு அவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். நடுத்துண்டில் முள் இவ்வளவு கம்மி என்பது எனக்கு அறுபது வயதில்தான் தெரிந்தது.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெருமையை வெளியே சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததா? அதைக் கேளுங்கள்.

சொந்தக்காரர்கள் யாராவது, "பொண்ணு இன்னா ஆளுங்க?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் தெரியுமா? "பி.எஸ்ஸி. முடிச்சிருக்கா." கேட்டது என்ன, பதில் என்ன? கேட்டவர்களுக்கும் புரியும், எனக்கும் புரியும். அதற்குமேல் யாரும் கிளற மாட்டார்கள். என் பெரிய நாத்தனார் — கணவரின் அக்கா, பொன்னேரிப் பக்கம் நெல்லு நிலம் வைத்திருக்கும் குடும்பம் — ஒருபடி மேலே போய், "அழைப்புப் பத்திரிகையில கன்யான்னு போட்ரலாம் விஜயா. மாடர்னாவும் இருக்கும்" என்றார். "அது எங்க சாமி பேரு பெரியத்தை. சாமி பேரை எதுக்கு நறுக்கணும்?" என்று மருமகள் கேட்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

சரி, இதோ இப்போது எழுதிவிடுகிறேன். என் மருமகள் இருளர் பழங்குடிப் பெண். அவள் காலனியில் முதல் பட்டதாரி. எழுதியாயிற்று. பூமி ஒன்றும் பிளக்கவில்லை.

மாடிக்கு வருவோம்.

பெண் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கன்னியம்மாவின் அம்மா ராணி, பச்சைப் பட்டுப்புடவையில். கூடவே முனுசாமி. சின்ன வயதில் குடும்பத்தோடு ஏதோ ஓர் அரிசி ஆலையில் கொத்தடிமையாக அடைபட்டுக் கிடந்து மீண்டு வந்தவர். இப்போது தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறார். கன்னியம்மா அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். பெற்ற அப்பா அவளுக்கு நாலு வயதிலேயே இறந்துவிட்டார். அவர் போய் இரண்டு வருஷம் கழித்து ராணி இவரைக் கட்டிக்கொண்டார். இதை என் நாத்தனார் ரகசியம் மாதிரி நாலு பேரிடம் கிசுகிசுத்தார். முனுசாமியோ, "எம் பொண்ணுக்கு ஆறு வயசாவசொல்ல நான் அப்பா ஆனேன். ஒருநாள் கூட என்னை அது பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல" என்று மைக் இல்லாத குறையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிச்சனில் என்னோடு இன்னொருத்தியும் இருந்தாள். கீதா. நாத்தனாரின் மகள். முப்பத்திரண்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹைவேயில் நடந்த விபத்தில் அவள் கணவர் போய்விட்டார். "அத்தை, தாம்பூலப் பை போடறேன்" என்று சொல்லி, போட்டு முடித்த பைகளைப் பிரித்து மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி துடைத்த மேடையைத் துடைக்கிறாள், ஒருத்தி கட்டிய பையைக் கட்டுகிறாள். நல்ல ஜோடி!

மேலே பாட்டு நின்றது. ஏதோ சலசலப்பு. படியில் தடதடவென்று ஆள் இறங்கும் சத்தம். பார்த்தால் ராணி.

"இன்னா சம்மந்தி, இங்க நின்னுக்கினு கீறீங்க? உங்க மருமவ மேல உங்களத்தான் தேடுது."

"கொஞ்சம் வேலை இருக்கும்மா. நீங்க ஆரம்பிங்க. நான் அப்புறமா வரேன்."

ராணி கிச்சனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பளபளவென்று மேடை. அடுப்பில் ஒன்றும் இல்லை. கையில் துணியோடு நான்.

"இன்னா வேலை?"

துணியை நாலாக மடித்தேன். அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். முகம் மாறிவிட்டது.

"நான் ஒண்ணு கேக்கறேன் சம்மந்தி. நேரா பதில் சொல்லுங்க. எம் பொண்ணை உங்களுக்குப் புடிக்கலியா? இல்ல எங்க ஜனத்தையே புடிக்கலியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, என்னம்மா இப்படிக் கேட்கிறீங்க?"

"பின்ன? மூணு வாட்டி பாத்துட்டேன். மொத மொதல்ல உங்க ஊட்டுக்கு வந்தோம். கெளம்பசொல்ல பூவும் குங்குமமும் குடுக்கறதுக்குப் பக்கத்து ஊட்டு அம்மாவ இஸ்துகினு வந்து குடுக்க வெச்சீங்க. உங்க கையால குடுக்கல. ரெண்டாவது, மாசி மகத்துக்குக் கடலாண்ட கல்யாணம். மாப்ள வந்தாரு, அவங்க கூட்டாளிங்க வந்தாங்க. பெத்தவங்க நீங்க வரல. முட்டி வலின்னாங்க. இன்னிக்கு உங்க ஊட்லயே, உங்க தலைக்கு மேலயே நடக்குது... இங்க வந்து தொடச்சிக்கினு நிக்கறீங்க. மொத வாட்டி வந்துட்டு பஸ்சுல போவசொல்ல எங்க ஊட்டுக்காரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'வுடு ராணி. அவங்க நல்லவங்கதான். ஆனா நம்பள தொட மாட்டாங்க'ன்னாரு."

தொட மாட்டாங்க!

அந்த ஒரு வார்த்தை என்னை அப்படியே உலுக்கிவிட்டது. அவர் சொன்ன மூன்றும் உண்மை. முதல் முறை அவர்கள் வந்தபோது பக்கத்து வீட்டு லதாவைத்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். சுமங்கலிக்குக் குங்குமம் கொடுக்க என் கை உதவாது என்று நானே முடிவுகட்டியிருந்தேன். மாசி மகத்துக்கு அவர்கள் ஜனமெல்லாம் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, புடவைகளையே கூடாரமாகக் கட்டித் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடிந்ததும் மணலில் கல்யாணம் செய்வார்கள். அருணுக்கும் ரிஜிஸ்டர் ஆபீசில் ஒன்று, மணலில் ஒன்று என்று இரண்டு கல்யாணம். அந்த மணல் கல்யாணத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் முதன்முதலாக சம்பந்தி வீட்டு முகூர்த்தத்தில் நான் போய் நின்று, யாராவது முகம் சுளித்துவிட்டால்? அதற்குத்தான் முட்டி வலி.

இது என்ன கூத்து பாருங்கள். என் கை ஆகாத கை, அது அவர்கள் மேல் பட வேண்டாம் என்று நான் ஒதுங்கினேன். அவர்களைத் தொட்டால் எனக்குத் தீட்டு என்று நான் ஒதுங்குவதாக அவர்கள் நினைத்தார்கள். மரியாதை என்று நினைத்து ஒரு வருஷமாக அவர்களை அவமானப்படுத்தியிருக்கிறேன்!

கலப்புத் திருமணம் என்றால் உடனே சாப்பாடு, சாமி, பாஷை என்று கேட்கிறோம். அதையெல்லாம் இரண்டு வீட்டாரும் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நண்டு பிடிக்குமா, காரம் ஆகுமா என்று கேட்கத் தெரிகிறது. 'நான் விலகி நிற்பது உனக்கு என்னவாகத் தெரிகிறது?' என்று யார் கேட்கிறார்கள்? அதிலும் காலம் காலமாக விலக்கி வைக்கப்பட்ட ஜனத்துக்கு, நாம் ஓரடி பின்னால் போனால் அது என்னவாகத் தெரியும்? நான் யோசித்ததே இல்லை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்படி இல்லம்மா, சத்தியமா இல்ல. நான் புருஷனை இழந்தவ. என் கையால குங்குமம் குடுத்தா உங்களுக்கு ஆகாதுன்னுதான்..."

ராணி என்னைப் புரியாமல் பார்த்தார்.

"எனக்கு இன்னா ஆவாது?"

'உங்கள் தாலிக்கு ஆகாது' என்றேன் திக்கித் திணறி. அவர் இன்னும் குழம்பிப் போனார்.

"உங்க ஊட்டுக்காரு உங்க ஊட்டுக்காரு. எங்க ஊட்டுக்காரு எங்க ஊட்டுக்காரு. நடுவுல குங்குமம் இன்னா பண்ணுது? எம் மொத புருசன் செத்து ரெண்டு வருசம் நான் தனியாத்தான் இருந்தேன். எங்க காலனியில எத்தினி நல்லது நடந்திச்சு! எல்லாத்துலயும் நாந்தான் முன்னால நின்னேன். பின்ன யாரு நிப்பாங்க?" சட்டென்று கீதா பக்கம் திரும்பினார். "அதான் இந்தப் பொண்ணும் இங்க ஒக்காந்துக்கினு இருக்குதா?"

கீதா தலையை நிமிர்த்தவே இல்லை. பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லா இருளர் வீட்டிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. ராணியின் வீட்டில் இப்படி. அது போதும்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் படியிறங்கி வந்தார். விஷயம் புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"விஜயா, நீ படிச்சவ, உனக்கு நான் சொல்லித் தரணுமா? வயித்துப்புள்ளக்காரி விசயம். சாஸ்திரம்னு ஒண்ணு கீது இல்ல? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

இதுதான். இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒன்பது வருஷமாகப் பயப்படுகிறேன். சாஸ்திரம் பொய் என்று எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஏழு மாத வயிறு! அதற்குள்ளே என் பேரப்பிள்ளை. நான் வளையல் போட்டு, பிரசவத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் சொல்வது இருக்கட்டும். என்னை நானே மன்னிப்பேனா?

"அக்கா சொல்றது சரிதான். நான் இங்கயே..." என்று ஆரம்பித்தேன்.

"கன்னி, மெதுவா! மெதுவா, மெதுவா!" — அருணின் அலறல்.

பார்த்தால், ஏழு மாத வயிற்றோடு, கன்னத்தில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக, படியில் இறங்கி வருகிறாள் என் மருமகள்! பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு அருண். அவனுக்குப் பின்னால் முனுசாமி. கிச்சன் வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"அத்தை போடாம எனக்கு வளையல் வேணாம்."

"அய்ய, இன்னா பொண்ணு நீ!" என்றார் நாத்தனார். "உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

"பெரியத்தை, ஏதாவது ஒண்ணுன்னா டாக்டர் பதில் சொல்லுவாங்க. ஸ்கேன் எல்லாம் நார்மலாத்தான் இருக்கு. எங்க அம்மா தனியா இருக்கசொல்லதான் என்னை ஸ்கூல்ல சேத்தாங்க. தெனம் அந்தக் கையாலதான் எனக்குத் தலை சீவி, பொட்டு வெச்சு அனுப்பிச்சாங்க. நான் இன்னா கெட்டா போய்ட்டேன்?" என்றாள். குரல் உயரவே இல்லை. லேபில் ரிசல்ட் படிக்கிற மாதிரி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தை, நீங்க எங்களத் தொட யோசிக்கிறீங்கன்னு நானும் ஒரு வருசமா நெனைச்சுக்கினு இருந்தேன். இவர்கிட்ட கேட்டு சண்டைகூட போட்டேன், 'அம்மா அப்படி இல்ல'ன்னாரே தவிர ஏன்னு சொல்லல. அது இல்லேன்னா மேல வாங்க. வரலேன்னா... அதுதான்னு நான் எடுத்துக்குவேன்."

பாருங்கள், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! மேலே போனால் சாஸ்திரம் போச்சு. போகாவிட்டால் மருமகள் போச்சு.

அருண் கண் கலங்கி நின்றான். "அம்மா, அக்கா கல்யாணத்துல நீ தூணுக்குப் பின்னாடி நின்னே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். சும்மா இருந்துட்டேன். வாம்மா" என்றான்.

கையிலிருந்த துணியை சிங்க்கில் போட்டேன். முகம் கழுவினேன். ராணி என் கையைப் பிடித்துக்கொண்டார், விட்டால் ஓடிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ! அப்படியே மாடிக்கு ஏறினோம்.

மாடியில் அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. கன்னியம்மா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். சந்தனம் பூசினேன். குங்குமம் வைத்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் விரலில் குங்குமம். தட்டிலிருந்து சிவப்புக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து அவள் கையில் மெள்ள ஏற்றினேன்.

சடக்!

உடைந்துவிட்டது.

ஐயோ கடவுளே... என் உயிர் ஒரு நொடி நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது.

"அத்தை, அது டூ ஃபோர் சைஸ். எனக்குக் கை உப்பியிருக்கு, டூ சிக்ஸ்தான் ஏறும். பச்சை டப்பாவுல பாருங்க" என்றாள் கன்னியம்மா. சாதாரணமாக.

ராணி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, "கண்ணாடின்னா ஒடையத்தான் ஒடையும். எடுங்க சம்மந்தி, வேற எடுங்க" என்று சிரித்தார். முனுசாமி பின்னாலிருந்து ஒரு விசில் அடித்தார். வளைகாப்பில் விசில்! கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். பச்சை டப்பாவிலிருந்து எடுத்த டூ சிக்ஸ் வழுக்கிக்கொண்டு ஏறியது. வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தேன். வயிற்றுக்குள்ளே இருக்கும் வாண்டு அந்த நேரம் உதைத்திருக்கிறது. "அத்தை, ரிசல்ட் பாசிட்டிவ்" என்று என் காதில் சொன்னாள் அந்தக் குறும்புக்காரி.

எனக்கு வந்த பெருமை இருக்கிறதே! மகள் முதல் மார்க் வாங்கியபோது வந்ததில்லை, மகன் வேலைக்குப் போனபோது வந்ததில்லை. ஏரிக்கரையிலிருந்து ஒருத்தி வந்து, என்னை என் வீட்டு மாடிக்கே கூட்டிப்போயிருக்கிறாள். இந்தப் பெண் என் மருமகள் என்று இந்தப் பத்திரிகை போகும் ஊரெல்லாம் கேட்கச் சொல்வேன்.

பெருமைப்பட்டு முடிப்பதற்குள் அடுத்தது நடந்தது. ராணி தட்டிலிருந்து நாலு வளையலை எடுத்துக்கொண்டு கீழே போனார். போனவர் கீதாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கீதாவின் இரண்டு கையிலும் இரண்டிரண்டு பச்சை வளையல்! அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாங்கள் எல்லோருமே நாத்தனாரைத்தான் பார்த்தோம்.

நாத்தனார் மகளின் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாரோ?

"கண்ணாடி வளையல் உனக்கு எப்பவுமே எடுப்பா இருக்கும்டி" என்றார். குரல் உடைந்துவிட்டது. "போ. நீயும் போய் கன்னியம்மாவுக்குப் போடு."

அவ்வளவுதான். பின்வரிசை நாற்காலிகளில் அதுவரை என்னைப் போலவே ஒதுங்கி, ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் எழுந்தார், என்னோடு வேலை பார்த்த சரோஜா டீச்சர். அப்புறம் எதிர்வீட்டு அம்மா. அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சமையலுக்கு வந்த அஞ்சலை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வரிசையில் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். யாரும் அதைத் துடைக்கவும் இல்லை.

பாதி வரிசையிலேயே வளையல் தீர்ந்துவிட்டது. முனுசாமி அருணின் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

சுமங்கலிகளை மட்டும் எண்ணி வளையல் லிஸ்ட் போட்டது யார் என்கிறீர்கள்? நானேதான் — முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவள்!